யாழ்ப்பாணத்து விடுதிப் பாடசாலையில் தொண்டாகப் படிப்பிக்க வர நினைக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் பக்கம், விடுதியோடு சேர்ந்த ஒரு பாடசாலையில் சம்பளம் இல்லாமல் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். பிறந்தது இங்கே, வளர்ந்ததும் வேலை பார்த்ததும் பெரும்பாலும் லண்டனில். நான் இங்கே வந்ததிலிருந்து லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று எல்லாப் பக்கமும் இருந்து சொந்தக்காரர், தெரிந்தவர்கள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் அனுப்புகிறார்கள். வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் எழுதுவதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இருந்து எழுதுகிறேன். பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதமாட்டேன், அதற்கான காரணம் கீழே வருகிறது.

விடுதியில் இந்தக் காலத்திலும் பிள்ளைகள் நிற்கிறார்களா? யார் அவர்கள்?

ஓம், நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் விடுதிப் படிப்பு 200 வருடத்துப் பழக்கம். அமெரிக்க மிஷன்காரர் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள், அடுத்த வருடமே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பாடசாலை வந்தது, ஆசியாவிலேயே பெண்களுக்கான மிகப் பழைய விடுதிப் பாடசாலைகளில் அதுவும் ஒன்று. பிறகு சைவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கென்று கட்டினார்கள், மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அப்படி வந்ததுதான். அந்த நாளில் கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்தவர்களின் பிள்ளைகள்கூட இங்கே விடுதியில் நின்று படித்தார்கள்.

இப்போது நிலைமை வேறு. நெடுந்தீவு, அனலைதீவு போன்ற தீவுகளில் இருந்து வருகிறார்கள், ஏனென்றால் உயர்தரத்துக்கு (12, 13 ஆம் வகுப்புகள்) விஞ்ஞானமோ கணிதமோ படிக்க அங்கே வழி குறைவு, தினமும் படகில் வந்துபோகவும் முடியாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகள், தகப்பன் இல்லாத பிள்ளைகள், வீட்டில் பிரச்சினை என்று உறவுக்காரர் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் என்று பலர்.

ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். பாடசாலை விடுதி ஒன்று, சிறுவர் இல்லம் இன்னொன்று. சிறுவர் இல்லங்கள் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே நிற்கிற பிள்ளைகள் பகலில் பக்கத்துப் பாடசாலைக்குப் போவார்கள். நீங்கள் வருவது எதற்கு என்று முதலிலேயே கேளுங்கள், பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படவே வேண்டாம், ஒழுங்காக நடக்கிற இடம் உடனே காட்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிய ஐந்து மணிக்கு மணி அடிக்கும். மோட்டார் போட்டுத் தாங்கி நிரம்பும்வரை கிணற்றடியில் வாளியோடு வரிசை, குளிப்பு, தலை இழுப்பு, பின்னல் கட்டல். ஆறு மணிக்கு வழிபாடு, சைவ விடுதி என்றால் தேவாரம், கிறிஸ்தவ விடுதி என்றால் செபம். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் கொப்பியைப் புரட்டுவார்கள், சாப்பாடு, ஏழரைக்குப் பாடசாலை. நாற்பது நிமிடப் பாடங்களாக ஒன்றரை வரைக்கும் போகும்.

பகலில் உங்களுக்கு இருக்கிற வேலை பாட ஆசிரியருக்கு உதவி செய்வது. பின் வாங்கில் இருக்கிற நாலைந்து பிள்ளைகளோடு இருந்து செய்விப்பது, கொப்பி திருத்துவது, ஆசிரியர் வராத நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்வது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி அடங்கிவிடும், சின்னவர்கள் படுப்பார்கள், பெரியவர்கள் வெள்ளைச் சீருடையைத் தோய்த்துக் கொடியில் போடுவார்கள். மூன்றரையில் இருந்து ஐந்து வரை விளையாட்டு. கிரிக்கெட், வலைப்பந்து, சில நாளில் கிளித்தட்டு. கட்டாயம் போய் நில்லுங்கள், விளையாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை மைதானத்தில் உங்களோடு கதைக்கும்.

பிறகு தேத்தண்ணி, ஆறு மணிக்குத் திரும்ப வழிபாடு, ஆறரையில் இருந்து எட்டரை வரை படிப்பு நேரம். உங்களை உண்மையாகத் தேவைப்படுகிற நேரம் இதுதான். யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்து வருகிற பிள்ளை பாடசாலை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போகும், கணிதத்துக்கு ஒரு இடம், விஞ்ஞானத்துக்கு இன்னொரு இடம், சனி ஞாயிறும் அப்படித்தான். விடுதிப் பிள்ளைகளில் கனபேருக்கு ரியூசன் இல்லை. காசும் இல்லை, வெளியே விடவும் முடியாது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் கணக்கு விளங்கப்படுத்தக் கூடிய ஒரு ஆள் இருந்தால் அதுதான் அவர்களுடைய ரியூசன். ஆள் இல்லாவிட்டால் அறுபது பிள்ளைகளை ஒரு மேற்பார்வையாளர் சத்தம் போடாமல் இருத்தி வைத்திருப்பார், பிள்ளைகள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்கு லைற் நிற்பாட்டுவார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளை இன்னும் ஒரு மணித்தியாலம் விடுவார்கள்.

நான் ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்று இருக்கிறேன். அது போதுமா?

வெளிநாட்டில் இருந்து வருகிற எல்லாரும் ஆங்கிலம் படிப்பிக்கத்தான் வருகிறார்கள். நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு அவசரமாகத் தேவைப்படுவது கணிதம். இதை நான் யாரோடும் வாதாடத் தயார்.

காரணத்தைச் சொல்கிறேன். பதினொராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை, ஒன்பது பாடம். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம், மிச்சம் மூன்றும் தெரிவு. உயர்தரத்துக்குப் போக ஆறு பாடம் சித்தியடைய வேண்டும், அதில் குறைந்தது மூன்று 'சீ' (C, திறமைச் சித்தி) தரமாவது இருக்க வேண்டும், அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கோட்டை விட்டாலும் பிள்ளை உயர்தரம் போகலாம். கணிதத்தில் விட்டால், மற்ற எட்டும் நன்றாக இருந்தாலும், தொழிற்பாடப் பிரிவைத் தவிர வேறு கதவு திறக்காது, திரும்ப எழுதத்தான் வேண்டும். விடுதியில் நிற்கிற பிள்ளைக்குத் திரும்ப எழுதுவது என்பது பெரும்பாலும் ஊருக்குப் போய் வீட்டில் இருந்து எழுதுவது. வீட்டுக்குப் போன பிள்ளை மீன் வாடிக்கோ உடுப்புக் கடைக்கோ வேலைக்குப் போகும், பிறகு எழுதாது. எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி நின்றுபோனார்கள் என்று விடுதிப் பொறுப்பாளர் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

சித்திக்கு வேண்டியது 35 புள்ளி. அது எட்டக் கூடிய புள்ளி. பின்னம், சதவீதம், தொடைகள் (sets), வரைபு, புள்ளிவிபரம் இவ்வளவையும் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தால் போதும். பத்தாம் வகுப்பில் இருந்து தினமும் பின்னேரம் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நடக்கும்.

ஒரு பொடியன் இருக்கிறான், தகப்பன் கடற்றொழில். கணித ஆசிரியர் அவனைப் பற்றி நம்பிக்கையே இல்லாமல் இருந்தார். ஒரு நாள் சும்மா கேட்டேன், நண்டு கிலோ 1,800 ரூபாய் என்றால் இரண்டே முக்கால் கிலோ எவ்வளவு என்று. கண்ணைக்கூட மூடவில்லை, "நாலாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது ரீச்சர்" என்றான். அதையே கொப்பியில் 2¾ × 1800 என்று எழுதிக் கொடுத்தேன். பேனையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். பின்னம் செய்யத் தெரியாது என்றான். இப்போது வாயால் சொன்னாய் அல்லவா, எப்படிச் சொன்னாய் என்று கேட்டால், "இரண்டு கிலோவுக்கு மூவாயிரத்து அறுநூறு, அரைக்குத் தொளாயிரம், காலுக்கு நானூற்றைம்பது" என்று சொல்கிறான். அதை அவன் சொல்லச் சொல்ல அப்படியே கீழே கீழே எழுதினேன், பிறகு இரண்டே முக்காலை 11/4 என்று பின்னமாக்கி அதையே செய்து காட்டினேன். இரண்டுக்கும் ஒரே விடை வந்ததும் அவன் என்னைப் பார்க்கவில்லை, கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு தானாக இன்னொரு கணக்குத் தரச் சொன்னான். ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் நாற்பது நிமிடத்தில் ஒரு ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது, அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்னேரம் மேசையில் இருக்கிற ஆளால் முடியும்.

ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகம் போன பிறகு பல பீடங்களில் ஆங்கிலத்தில்தான் படிப்பு, அங்கே போய்த்தான் பிள்ளை திண்டாடும். விளையாட்டு நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் உங்களோடு ஆங்கிலத்தில் கதைக்கட்டும். பிழைவிட்டால் ஒவ்வொரு பிழையையும் நிறுத்தித் திருத்தவேண்டாம், கதையை முடிக்க விடுங்கள்.

உங்கள் கணிதச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாடப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆறில் இருந்து பதினொன்று வரை கணிதப் புத்தகத்தை வாசித்துவிட்டு விமானம் ஏறுங்கள். கடந்தகால வினாத்தாள்களும் கையோடு இருக்கட்டும்.

ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழே வாசிக்கத் தெரியாதாம், உண்மையா?

உண்மை. அதைக் கேட்டு அதிர்ச்சி காட்டவும் வேண்டாம், அந்தப் பிள்ளையை மக்கு என்று நினைக்கவும் வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பூட்டிய பாடசாலைகள் 2021 முடியும்வரை திறந்து திறந்து பூட்டின, அது முடிய 2022 இல் பொருளாதார நெருக்கடி, எரிபொருள் இல்லாமல் திரும்பப் பாடசாலை நின்றது. அந்த நேரத்தில் முதலாம், இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள்தான் இப்போது இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டப் பழகும் வயதில் வீட்டில் இருந்தார்கள். போன் இருந்த வீட்டுப் பிள்ளை சூமில் கொஞ்சம் படித்தது, கவரேஜே இல்லாத தீவுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இந்தப் பிள்ளைகள் தங்கள் நிலைமையை மறைக்கக் கெட்டிக்காரர். ஒரு சின்னவள் தமிழ்ப் பாடத்தை ஒரு பிழை இல்லாமல் கடகடவென்று வாசிப்பாள். மூன்றாவது வரியில் "கிணற்றடி" என்ற சொல்லில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டால், முதல் வரியில் இருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்பாள். முழுப் பாடமும் மனப்பாடம். பக்கத்துப் பிள்ளை வாசிக்கும்போது கேட்டுப் பிடித்தது. அப்படிப்பட்ட ஞாபகசக்தி உள்ள பிள்ளைக்கு எழுத்து வராமல் போகாது.

அவளோடு நான் புத்தகத்தைத் தொடவில்லை. பஸ் பலகையில் இருந்து தொடங்கினோம். காரைநகர், கீரிமலை, ஊர்காவற்றுறை. ஊருக்குப் போகிற பஸ்ஸின் பலகையை வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் ஆசை இருக்கும். ஊர்காவற்றுறையை எழுத்துக் கூட்டி முடித்தால் தமிழில் கனக்கத் தூரம் வந்தாயிற்று. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், மற்றப் பிள்ளைகள் பார்க்காத இடத்தில். அது முக்கியம், எல்லாருக்கும் முன்னால் எழுத்துப் படிப்பித்தால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் உங்களிடம் வராது.

நான் ஆசிரியர் இல்லை, பயிற்சியும் இல்லை. வரலாமா?

வரலாம். ஆனால் வகுப்பு உங்களுடையது இல்லை, பாட ஆசிரியருடையது. அவர் படிப்பிக்கிற முறை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், பிள்ளைகளுக்கு முன்னால் அதைக் காட்டக் கூடாது. இந்த வாரம் என்ன பாடம், யாருக்கு விளங்கவில்லை என்று அவரிடமே கேட்டு அதன்படி பின்னேரம் செய்யுங்கள். நீங்கள் போன பிறகும் அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

இதோடு சேர்த்து ஒன்று. வடக்கில் ஏற்கனவே தொண்டர் ஆசிரியர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. இந்த ஊர்ப் பட்டதாரிகள், வருடக்கணக்காகச் சம்பளம் இல்லாமலோ மிகக் குறைந்த கொடுப்பனவுக்கோ படிப்பித்து, நிரந்தர நியமனம் கேட்டுப் போராடிக்கொண்டிருப்பவர்கள். உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வேலையும் நாடும் இருக்கிறது, அவர்களுக்கு இதுதான் எல்லாம். அப்படி ஒருவர் செய்துகொண்டிருக்கிற பாடத்தை உங்களிடம் தந்தால் வாங்காதீர்கள். அவர் செய்ய முடியாத நேரத்தையும் ஆள் இல்லாத வேலையையும் கேட்டு எடுங்கள்.

ஆகஸ்டில் இரண்டு கிழமை வரலாமா?

நல்லூர்த் திருவிழாவுக்கு வாருங்கள், இருபத்தைந்து நாளும் நன்றாக இருக்கும், தேருக்கு நில்லுங்கள். படிப்பிக்க வேண்டாம். ஆகஸ்டில் இங்கேயும் தவணை விடுமுறை வரும், விடுதி வெறுமையாக இருக்கும், உங்களுக்காகப் பிள்ளைகளை மறித்து வைத்திருப்பது நியாயம் இல்லை.

இரண்டு கிழமையில் பிள்ளைகளின் பெயர் பாடமாகும், அதற்குள் போய்விடுவீர்கள். ஏற்கனவே பலர் விட்டுப்போன பிள்ளைகள் இவர்கள். நெருங்கிப் பழகிவிட்டு ஓடுகிற இன்னொரு ஆளாக நீங்கள் இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு தவணை முழுக்க நில்லுங்கள். ஜனவரியில் தொடங்கும் முதலாம் தவணை நல்லது, மழை விட்டிருக்கும், வெயிலும் கொல்லாது, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பாடசாலையே களைகட்டியிருக்கும். ஒரு தவணை ஒதுக்க முடியாதவர்கள் கிழமையில் இரண்டு பின்னேரம் சூமில் ஒரு வருடம் தொடர்ந்து படிப்பியுங்கள். இரண்டு கிழமை நேரில் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

விசா?

சுற்றுலா விசாவில் வேலை செய்ய முடியாது, சம்பளம் வாங்காத வேலையும் அதற்குள் அடங்கும். பலர் அப்படியே வந்து செய்துவிட்டுப் போகிறார்கள் என்பது உங்களுக்குக் காரணம் ஆகாது, மாட்டிக்கொண்டால் பாடசாலைக்கும் சிக்கல். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், உங்களைக் கூப்பிடுகிற நிறுவனத்தின் கடிதம் வேண்டும், நேரம் எடுக்கும், ஆறு மாதத்துக்கு முன்னாலேயே தொடங்குங்கள். இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அரசாங்கப் பாடசாலை என்றால் அதிபர் ஓம் என்றாலும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எடுக்க வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாம் எப்படி?

பிள்ளைகள் சாப்பிடுவதைத்தான் நீங்களும் சாப்பிடுவீர்கள். காலையில் இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் சம்பலும், அவசர நாளில் பாணும் பருப்பும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, இரண்டு மரக்கறி, மீன் வந்தால் மீன். சைவ விடுதியில் மீன் மச்சம் உள்ளே வராது, வெளியில் சாப்பிட்டுவிட்டு வருவதையும் பலர் விரும்பமாட்டார்கள். உறைப்புத் தாங்காது என்றால் சமையல் செய்யும் அம்மாவிடம் மெல்லச் சொல்லுங்கள், உங்களுக்கு மட்டும் தனிச் சட்டி வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். சாப்பாட்டுக்கு மாதம் ஒரு தொகையைக் கட்டாயம் கொடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதற்குள் நிற்கிற மழைத் தண்ணீர்தான் கிணற்றில் வருவது. சில கிணறு நல்ல தண்ணி, கரையோரத்திலும் தீவுகளிலும் கனக்க உவர். தோட்டம் கூடிய இடங்களில் உரமும் இறங்குகிறது. அதனால் குடிக்க வடிகட்டிய தண்ணீர்தான் பாவியுங்கள், குளிக்கக் கிணறு. மார்கழியில் கிணறு நிரம்பி இருக்கும், ஆவணியில் தண்ணீர் குறைவு, அப்போது பிள்ளைகள் எத்தனை வாளி அள்ளுகிறார்களோ அதே அளவு நீங்களும் அள்ளுங்கள்.

அறை தனியாகத் தருவார்கள், கட்டில், நுளம்பு வலை, காற்றாடி இருக்கும். பிள்ளைகளின் படுக்கை அறைக்குள் நீங்கள் போகத் தேவை இல்லை, போகவும் கூடாது.

என்ன உடுப்பது, எப்படிக் கூப்பிடுவது?

பெண்கள் பாடசாலை நேரத்தில் சேலை. கட்டப் பழகாவிட்டால் விடுதியில் பெரிய பிள்ளைகளே கட்டிவிடுவார்கள். விடுதிக்குள் சுடிதார் போதும். ஆண்கள் நீளக் காற்சட்டையும் சேட்டும். பிள்ளைகள் உங்களை ரீச்சர், சேர் என்பார்கள், இளையவர் என்றால் விடுதிக்குள் அக்கா, அண்ணா. அதிபரைச் சேர் அல்லது மேடம், பெயர் சொல்லவே கூடாது. சமையல் செய்பவரை அம்மா, காவலாளியை ஐயா. சின்னப் பிள்ளைகளையும் "வாங்கோ, இருங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு, விடுதியிலும் அதைக் கடைப்பிடியுங்கள், பிள்ளைகள் உடனே கவனிப்பார்கள்.

பிள்ளைகளை அடிப்பார்களா? கண்டால் என்ன செய்வது?

பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை இருக்கிறது. இருந்தும் சில இடங்களில் பிரம்பு இன்னும் மேசையில் இருக்கிறது. கண்டால் பிள்ளைகளுக்கு முன்னால் சண்டை பிடிக்காதீர்கள், அன்றைக்கே அதிபரிடம் போய்ப் பேசுங்கள். பாரதூரமாக இருந்தாலோ, வேறு விதமான துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தாலோ, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது, எந்தப் போனில் இருந்தும் அழைக்கலாம். விடுதியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைதான் முதல்.

படம் எடுத்து முகநூலில் போடலாமா? போட்டால்தானே காசு சேரும்?

வேண்டாம். பிள்ளைகளின் முகம், பெயர், கதை எதுவும் வேண்டாம். தகப்பன் இல்லை, சாப்பாட்டுக்கு வழி இல்லை என்று ஒரு படத்துக்குக் கீழே நீங்கள் எழுதுவதை அந்தப் பிள்ளை பதினாறு வயதில் தேடிப் பார்க்கும், வகுப்பில் மற்றவர்களும் பார்ப்பார்கள். காசு சேர்க்க வேண்டும் என்றால் உடைந்த தண்ணீர் மோட்டாரைப் படம் எடுங்கள், கிழிந்த மெத்தையை எடுங்கள். என்ன தேவை என்று பொறுப்பாளரிடம் கேட்டால் பட்டியலே தருவார். பெட்டி நிறையச் சொக்லேற்றும் பழைய உடுப்பும் கொண்டுவந்து இறக்குவதைவிடப் படிப்பு மண்டபத்துக்கு நல்ல லைற் போட்டுக் கொடுப்பது பெரிய உதவி.

ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுப்பது, சொந்தப் போன் இலக்கத்தைக் கொடுப்பது, "உன்னை வெளியில் எடுக்கிறேன்" என்று சொல்வது, இந்த மூன்றையும் செய்யவே செய்யாதீர்கள். மூன்றாவதை ஒரு பிள்ளை வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருக்கும்.

போரைப் பற்றிக் கேட்கலாமா?

இப்போது விடுதியில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் 2009 இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது தாய் தகப்பன் வாய் திறக்காத ஒரு காலம். நீங்களாகக் கேட்காதீர்கள். பெரியவர்கள், குறிப்பாகச் சமையலறையில் வேலை செய்பவர்கள், பழகிய பிறகு தாங்களாகச் சொல்வார்கள், கேட்டுக்கொண்டிருங்கள், நடுவில் குறுக்கிட்டு வெளிநாட்டில் படித்த அரசியலைச் சொல்லவேண்டாம்.

எல்லாரும் "எந்த ஊர், யாருடைய மகள்" என்று கேட்பார்களே?

கேட்பார்கள். பாதிப்பேர் உண்மையான பாசத்தில்தான் கேட்கிறார்கள், இரண்டு நிமிடத்தில் உங்கள் பெரியப்பாவோடு படித்தவர் என்று கண்டுபிடித்து வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். மற்றப் பாதி ஊரைக் கேட்டு, குறிச்சியைக் கேட்டு, சாதியை அறியப் பார்ப்பது. ஊரோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அந்தக் கதை போனால் வெளிப்படையாகவே "அது வேண்டாம்" என்று சொல்லுங்கள். விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிறார்கள், அதைக் காப்பாற்றுவது உங்கள் வேலையிலும் சேரும்.

வருத்தம் வந்தால்?

யாழ் போதனா வைத்தியசாலையில் இலவசமாகவே நன்றாகப் பார்ப்பார்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990, அதுவும் இலவசம். மழைக்குப் பிறகு, கார்த்திகையில் இருந்து தை வரை, டெங்குக் காய்ச்சல் கூடும். காய்ச்சல் என்றால் பொறுத்துப் பார்க்காமல் போய் இரத்தம் சோதியுங்கள், தண்ணீர் தேங்கிய சிரட்டை, வாளிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கவிழ்த்து வையுங்கள். பேன் பிடிக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

சனி, ஞாயிறு என்ன செய்வது?

ஞாயிறு தாய் தகப்பன் பார்க்க வரும் நாள். யாரும் வராத பிள்ளைகளும் இருப்பார்கள், படலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் நீங்கள் ஊர் சுற்றுவதைச் சனிக்கிழமையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடுதியில் நில்லுங்கள். அவர்களோடு கரம் விளையாடுங்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுங்கள், கச்சான் வறுத்துச் சாப்பிடுங்கள். எதுவும் பெரிதாகச் செய்ய வேண்டாம், அந்த நேரம் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

சரி, எப்படித் தொடங்குவது?

ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு தொண்டுப் பயணம் ஒழுங்குசெய்யும் ஆட்களிடம் போகத் தேவை இல்லை. யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகள் பலவற்றுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு அதிபரைத் தெரியும், விடுதியைத் தெரியும். அங்கே கேளுங்கள். பிறகு அதிபருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், எந்தத் தவணை முழுக்க நிற்க முடியும், எந்த வகுப்புவரை கணிதம் சொல்லிக்கொடுக்க முடியும், பின்னேரப் படிப்பு நேரத்துக்கு வரத் தயார் என்பதை எழுதுங்கள். உங்கள் நாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழையும் கேட்காமலே சேர்த்து அனுப்புங்கள், அதைக் கண்டால் பொறுப்பாளருக்குப் பெரிய ஆறுதல். பதில் வரச் சுணங்கும், ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போன் எடுங்கள், பாடசாலை விட்டு இரண்டு மணிக்குப் பிறகு எடுத்தால் அதிபர் ஆறுதலாகக் கதைப்பார்.